கரு காத்திருக்காது: ஓர் ஈ ஆய்வகத்து மனிதர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழ ஈக்களின் கருவளர்ச்சியை ஆராயும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒன்பது ஆண்டுகளாக மேலாளராக இருக்கிறேன். கல்லூரி மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், என் உறவினர்கள், ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்தவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. அறிவியலைவிட ஆட்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்கும் அதைச் சொல்லத்தான் பிடிக்கிறது.

அங்கே என்னதான் செய்கிறீர்கள்?

ஒற்றைச் செல்லாகத் தொடங்கும் முட்டையிலிருந்து தலை, குடல், இறக்கை எல்லாம் எப்படி உருவாகின்றன? எந்தச் செல் எங்கே போக வேண்டும், என்னவாக மாற வேண்டும் என்று அதற்குச் சொல்வது எது? இதைக் கேட்பதுதான் வளர்ச்சி உயிரியல். நாங்கள் பழ ஈயிடம் கேட்கிறோம். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, அதே பொடி ஈதான். டிரோசோபிலா என்பது அறிவியல் பெயர். 25 டிகிரி வெப்பத்தில் முட்டையிட்ட ஒரு நாளுக்குள் புழு வெளியே வந்துவிடும், பத்து நாளில் அடுத்த தலைமுறை பறக்கும்.

முதல் மூன்று மணி நேரம்தான் எங்களுக்கு முக்கியம். அதில் பெரும்பகுதி நேரம் செல்களுக்கிடையே சுவரே கிடையாது. உட்கருக்கள் மட்டும் எட்டு ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டே போகும். ஏறத்தாழ 6,000 ஆனதும் ஒவ்வொன்றையும் சுற்றிச் சவ்வு எழும்புகிறது. உடனே கருவின் அடிப்பக்கம் நீளவாக்கில் பள்ளமாக விழுந்து, செல்கள் கூட்டமாக உள்ளே மடிகின்றன. அந்த மடிப்பு கால் மணி நேரத்து விஷயம். அந்த நேரம் பார்த்துத் தேநீர் குடிக்கப் போனவர், மறுநாள் முதலிலிருந்து முட்டை சேகரிக்க வேண்டியதுதான்.

எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்?

11 பேர். பேராசிரியர், முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்ய வந்த போஸ்ட்டாக் இருவர், முனைவர் பட்ட மாணவர்கள் ஐவர், திட்ட உதவியாளராக ஒரு பையன், ஈக்களுக்கு உணவு செய்யும் அக்கா, நான். இவர்களைத் தவிர ஜனவரி வந்தால் திட்டப்பணிக்காக எம்.எஸ்சி. மாணவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து சேர்வார்கள். வேலை பழகிக் கையில் நிதானம் வரும்போது அவர்களுடைய ஆறு மாதம் முடிந்துவிடும்.

பேராசிரியரை எல்லோரும் மேடம் என்கிறோம். பெங்களூருவிலிருந்து வந்த போஸ்ட்டாக் ஒருவர், தம் பழைய நிறுவனத்து வழக்கப்படி முதல் வாரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேடத்துக்கு அது உறைக்கவே இல்லை. பக்கத்து அறைப் பேராசிரியருக்குத்தான் உறைத்தது. உணவு செய்பவரை மேடம் உட்பட அனைவரும் அக்கா என்றே கூப்பிடுகிறோம்.

பேராசிரியர் நுண்ணோக்கி முன் உட்காருவாரா?

வாரத்தில் ஐந்து நாள் உட்கார முடியாது. வகுப்பு, விடைத்தாள், துறைக் குழுக்கள், நிதி நல்கைக்கு விண்ணப்பம், கிடைத்த நிதிக்குக் கணக்கு, மாணவர்களின் ஆய்வேட்டைத் திருத்துவது, இவற்றிலேயே நாள் போய்விடும். ஆராய்ச்சியில் கெட்டிக்காரராக இருந்ததற்குப் பரிசாக ஆராய்ச்சி செய்ய நேரமில்லாத பதவியைக் கொடுக்கிறார்கள் என்று அவரே அலுத்துக்கொள்வார்.

ஆனால் சனிக்கிழமை பிற்பகல் கதவைச் சாத்திக்கொண்டு ஈ அறுக்க உட்கார்ந்துவிடுவார். அவரிடம் கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் வகையைச் சேர்ந்த ஐந்தாம் எண் இடுக்கி ஒன்று இருக்கிறது. முடிமுனை போன்ற நுனி. ஒருமுறை தரையில் விழுந்தால் நுனி வளையும், அப்புறம் அதால் புழுவின் மூளையைச் சேதமில்லாமல் எடுக்க முடியாது. அதனால் இங்கே ஒவ்வொருவரும் தம் இடுக்கியில் ஒரு நிற நூல் சுற்றி வைத்திருக்கிறோம். அடுத்தவர் இடுக்கியைக் கேட்காமல் எடுப்பது, அடுத்தவர் பல்துலக்கியை எடுப்பதற்குச் சமம். மேடத்தின் இடுக்கியில் நூல் கிடையாது. அது இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது.

ஈக்குச் சமைக்க ஓர் ஆளா?

சிரிக்காதீர்கள். ஆய்வகத்தில் யார் இல்லாவிட்டாலும் ஒரு வாரம் தள்ளலாம். அக்கா மூன்று நாள் விடுப்பு எடுத்தால் எல்லோர் முகத்திலும் கலவரம் தெரியும்.

உணவு என்பது ஒருவகைக் களி. மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கெட்டிப்படுத்த அகர். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் அகரைப் போட்டுக் கரைத்து, தனியே கரைத்து வைத்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். கேழ்வரகுக் களி கிண்டிய கைக்கு இது புதிதல்ல. சூட்சுமம் அதற்குப் பிறகு வருகிறது. பூஞ்சை பிடிக்காமலிருக்கப் புரோப்பியோனிக் அமிலமும், சாராயத்தில் கரைத்த நிபாஜினும் சேர்க்கிறோம். களி கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது ஊற்றினால் அமிலம் ஆவியாகிக் கண்ணெரியும், உணவில் தங்காது. ரொம்ப ஆறவிட்டால் அகர் இறுகிவிடும், குப்பியில் ஊற்ற முடியாது. இடையில் 60 டிகிரியை ஒட்டி ஒரு தருணம் இருக்கிறது. நான் வெப்பமானியை நீட்டுவேன்; அக்கா பாத்திரத்தின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்பார். இதுவரை அவர் கணக்கு தப்பியதில்லை.

ஊற்றிய குப்பிகளை இரவு முழுவதும் மெல்லிய மஸ்லின் துணியால் மூடி ஆறவைப்போம். துணியில் ஓட்டை இருந்தால் போச்சு. எங்கிருந்தோ தப்பிய ஓர் ஈ உள்ளே முட்டையிட்டுவிடும், அந்தக் குப்பியில் பிறகு செய்யும் கலப்பு எதையும் நம்ப முடியாது. ஒரு மாணவரின் நான்கு மாத வேலை இப்படி வீணானதை நான் பார்த்திருக்கிறேன். அன்று அவரைவிட அதிகம் அழுதது அக்கா.

ஞாயிற்றுக்கிழமையும் ஏன் ஆய்வகத்துக்குப் போகிறார்கள்?

மாணவர்களின் அம்மாக்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்வி இது. பதில் கன்னி ஈக்கள்.

எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்று தீர்மானித்துக் கலப்பதுதான் எங்கள் அன்றாடத் தொழில். அதற்குப் பெண் ஈ ஏற்கெனவே இணை சேராததாக இருக்க வேண்டும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் அந்த விந்தைப் பல நாள் சேமித்து வைத்து முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், பிள்ளைக்குத் தகப்பன் யார் என்பது குழப்பமாகிவிடும். 25 டிகிரியில் கூட்டிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண்ணைப் பிரித்தாக வேண்டும். ஆகவே காலையில் குப்பியிலுள்ள எல்லா ஈக்களையும் தட்டிக் காலிசெய்துவிட்டு, மாலைக்குள் வந்து புதிதாகப் பிறந்தவற்றைப் பொறுக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கசியும் வெள்ளைத் திண்டில் ஈக்கள் மயங்கிக் கிடக்கும். மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். பிறந்து சிறிது நேரமே ஆன பெண் வெளிறிப்போய் இருக்கும், வயிற்றில் தோல் வழியாக ஒரு கரும்புள்ளி தெரியும். அதைப் பார்த்தால் சந்தேகமில்லாமல் கன்னி.

தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் குப்பிகளை 18 டிகிரிப் பெட்டிக்கு மாற்றிவிட்டுப் போவார்கள். அங்கே வளர்ச்சி பாதி வேகமாகிவிடும், ஈக்கள் சற்றுப் பொறுக்கும். பொறுக்கவே பொறுக்காத நிலையில் உள்ளவற்றை நண்பரிடம் ஒப்படைப்பார்கள். ஓர் அறிவிப்புத் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது: ‘மூன்றாம் தட்டு, சிவப்பு மூடி. காலை ஏழு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது. என் அக்கா கல்யாணம், தயவுசெய்து.’ அதை எழுதியவரும் குப்பியைப் பார்த்துக்கொண்டவரும் அதற்கு முன் ஆறு மாதமாகப் பேசிக்கொள்ளாதவர்கள்.

குப்பியை உறைய வைத்துவிட்டு நிம்மதியாகப் போகக் கூடாதா?

பாக்டீரியாவை உறைய வைக்கலாம், எலியின் கருவையும் வைக்கலாம். ஈயை உறைய வைத்து மீட்கும் முறை இன்னும் அன்றாடப் புழக்கத்துக்கு வரவில்லை. எனவே ஒவ்வொரு மரபு வகையையும் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுக் குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களிடம் 700 வகைக்கு மேல் இருக்கின்றன. அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்திலுள்ள புளூமிங்டன் சேமிப்பகத்தில் பல்லாயிரக்கணக்கில்.

மரபியல் முன்னோடியான மார்கன் 1910இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்த வெள்ளைக்கண் ஈயின் மரபணு மாற்றத்தைத் தாங்கிய வகை இன்றும் உயிரோடு இருக்கிறது. அதாவது 1910 முதல் இன்றுவரை, இரண்டு உலகப் போர்களையும் தாண்டி, சில வாரங்களுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் அதைப் புதுப் பாட்டிலுக்கு மாற்றியிருக்கிறார். அவர்களில் பெரும்பாலோருடைய பெயர் எங்கும் பதிவாகவில்லை. திட்ட உதவியாளராகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் காட்டுவது இந்த வகைக் குப்பியைத்தான்.

பாட்டில் கழுவ வந்தவர் விஞ்ஞானி ஆக முடியுமா?

ஆகியிருக்கிறார். மார்கனின் ‘ஈ அறை’ 16 அடிக்கு 23 அடிதான். அதில் எட்டு மேசை, பால் பாட்டில்கள், வாழைப்பழ வாடை. கால்வின் பிரிட்ஜஸ் என்ற இளங்கலை மாணவர் அங்கே பாட்டில் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். கழுவ வேண்டிய பாட்டிலின் தடித்த கண்ணாடி வழியாகவே, கண் நிறம் பளீரென்ற சிவப்பாக மாறியிருந்த ஓர் ஈயைக் கண்டுபிடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவரைக் கழுவுமிடத்தில் விடுவார்களா? மரபணுக்கள் குரோமோசோமில்தான் இருக்கின்றன என்பதை ஐயமற நிறுவியவர்களில் ஒருவரானார். மார்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தபோது, பணத்தில் ஒரு பங்கைப் பிரிட்ஜஸ், ஸ்டர்ட்டிவன்ட் ஆகிய தம் இரு மாணவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய நம் பல்கலைக்கழக விதிகளில் கழுவுமிடத்திலிருந்து மேசைக்குப் போக வழியில்லை. எங்கள் அக்கா எட்டாம் வகுப்பு. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே எந்த வகை நலிகிறது என்று சொல்வார். அவருடைய பதவிப் பெயர் இன்னும் ‘தற்காலிக உதவியாளர்’.

கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும்?

பொது வழக்கம் இது: வேலையைச் செய்தவர் பெயர் முதலில், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியில். நடுவில் இருப்பவர்களுக்குள்தான் சண்டை. நூறு மணி நேரம் படம் எடுத்தவர் பெரியவரா, ஒரே மாலையில் நல்ல யோசனை சொன்னவரா? இதற்கு இதுவரை யாரும் சமாதானமான விடை சொன்னதில்லை. எங்களிடம் ஒரு விதி உண்டு: சோதனை தொடங்குமுன்பே வரிசையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பாதி நேரம் அதையும் மாற்றுகிறோம்.

எங்கள் துறையின் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றிலேயே இந்தக் காயம் இருக்கிறது. ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹில்டே மங்கோல்ட் என்ற மாணவி நியூட் கருக்களில் வேலை செய்தார். நியூட் என்பது பல்லியைப் போலத் தெரியும் நீர்நில வாழ்வி. வெளிறிய நிறக் கருவிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, கரிய நிறக் கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார். கைக்குழந்தையின் முடியால் செய்த சுருக்கும் கண்ணாடி ஊசியும்தான் கருவிகள். நோய்க்கிருமிகளைத் தடுக்க மருந்து இல்லாத காலம், பெரும்பாலான கருக்கள் செத்தன. பிழைத்த சிலவற்றில் அந்தத் துணுக்கு, தன்னைச் சுற்றியிருந்த கரிய செல்களையும் வேலை வாங்கி, ஒட்டிப் பிறந்த இரட்டைபோல் இன்னோர் உடலையே எழுப்பியிருந்தது. ஒரு செல் கூட்டம் இன்னொன்றுக்கு உத்தரவிட முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அன்று இல்லை.

கட்டுரை 1924இல் வந்தபோது வழிகாட்டி ஹான்ஸ் ஸ்பெமனின் பெயர் முதலில் நின்றது. அதே ஆய்வகத்தில் படித்த ஆண் மாணவர்கள் தம் ஆய்வேடுகளைத் தனிப் பெயரிலேயே வெளியிட்டார்கள். அதே ஆண்டு, வீட்டிலிருந்த வெப்ப அடுப்பு வெடித்துத் தீக்காயம்பட்டு ஹில்டே இறந்தார். வயது 25, கையில் பச்சைக் குழந்தை. ஸ்பெமனுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்பெமன் பெரிய விஞ்ஞானிதான், எனக்கு அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெயர் வரிசையை வகுப்பில் சொல்லாமல் கடப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

மாறான உதாரணமும் உண்டு. ஹைடல்பர்க்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும், இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பொருளைப் பார்க்கும் நுண்ணோக்கியில், ஆயிரக்கணக்கான ஈ வகைகளைச் சலித்தார்கள். உடலை வரிசையான கண்டங்களாக, அதாவது துண்டுகளாக, வகுக்கும் 15 மரபணுக்களைப் பற்றி 1980இல் எழுதினார்கள். 1995இல் எட்வர்ட் லூயிஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். முழு விவரத்தையும் தந்த 1984ஆம் ஆண்டுக் கட்டுரைகள் மூன்றில் இரண்டில், அவர்களுடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹில்டகார்ட் க்ளூடிங்கின் பெயர் ஆசிரியர் பட்டியலிலேயே இருக்கிறது.

குழந்தை பெற்றுக்கொண்டால் ஆராய்ச்சி முடிந்துவிடுமா?

முடிய வேண்டியதில்லை, ஆனால் கரு காத்திருக்காது, குழந்தையும் காத்திருக்காது. மேலே சொன்ன நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 2004இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். குழந்தையுள்ள இளம் பெண் ஆய்வாளர்களுக்கு வீட்டு வேலைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வைக்கப் பணம் தருகிறது. ஊக்க உரை வேண்டாம், பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று புரிந்துகொண்டதுதான் அதன் அழகு. எங்கள் ஆய்வகத்தில் அப்படிப் பணமில்லை. ஒரு மாணவியின் மாமியார், மாலை ஆறு மணிக்குப் பேத்தியைக் கொண்டுவந்து என் அறையில் விடுவார். நுண்ணோக்கியில் ஈயைக் காட்டினால் அரை மணி நேரம் அசையாது.

என்ன சம்பளம்?

2023இல் திருத்தியபடி இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து முதுநிலையானால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. முனைவர் பட்டம் முடித்த ஆய்வுத் துணைவருக்கு 58,000இலிருந்து. காகிதத்தில் மோசமில்லை. மாதாமாதம் வந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

இத்தனை ஈக்களைக் கொல்வது பாவமில்லையா?

வேலை முடிந்த ஈக்கள் சாராயப் புட்டியில் விழும். உலகெங்கும் ஈ ஆய்வகங்களில் அதற்குப் பிணவறை என்றே பெயர். மீன், எலி போன்ற முதுகெலும்புள்ளவற்றுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஈக்கு வேண்டாம். அக்கா மட்டும் ஆயுத பூசையன்று பிணவறைப் புட்டிக்கும் ஒரு பொட்டு வைப்பார்.

உயிரியல் படிக்காதவர் சேரலாமா?

சேரலாம். ஈயின் தசை உருவாக்கத்தை ஆராய்ந்து, பின்னர் 2018 முதல் 2022 வரை இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக இருந்த விஜயராகவன் படித்தது கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல். எங்களிடமும் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் இருக்கிறார், கரு மடியும்போது இழுவிசை எங்கே கூடுகிறது என்று கணக்கிடுகிறார். மதிப்பெண்ணைவிட நான் பார்ப்பது வேறொன்று: நேர்காணலுக்கு வருபவரிடம் 40 ஈக்களைக் கொடுத்து ஆண், பெண் பிரிக்கச் சொல்வேன். தப்பாகப் பிரித்தாலும் பரவாயில்லை. தெரியவில்லை என்று இரண்டு ஈயைத் தனியே ஒதுக்கி வைக்கிறாரா என்பதுதான் எனக்கு வேண்டியது.

மின்சாரம் போனால்?

ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை இரவு போனது. தானாக ஓட வேண்டிய ஜெனரேட்டர் ஓடவில்லை. முதலில் கவனித்தவர் இரவுக் காவலர். வழக்கமான ‘உய்ங்’ சத்தம் கேட்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெட்டிகளுக்குள் 35 டிகிரி. ஈக்கள் உயிரோடுதான் இருந்தன, ஆனால் 30ஐத் தாண்டிய வெப்பம் ஆண்களை மலடாக்கிவிடும் என்பதை அடுத்த இரண்டு வாரம் காலிக் குப்பிகளைப் பார்த்துக் கற்றோம். இன்னொரு கட்டடத்தில் 18 டிகிரியில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு நகல் குப்பி வைத்திருந்ததால் பிழைத்தோம். இரண்டு வகைகள் மட்டும் இரண்டு இடத்திலும் போயின. அன்றிலிருந்து அந்தக் காவலரின் எண் ஆய்வகச் சுவரில், தீயணைப்பு நிலைய எண்ணுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

படித்து முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்?

சிலர் வெளிநாட்டுக்குப் போஸ்ட்டாக்காக, சிலர் மருந்து நிறுவனங்களுக்கு. பேராசிரியர் ஆகிறவர்கள் குறைவு. திறமையிருந்தும் வெளியேற நேர்வது புதிதல்ல. எங்கள் ஈக்களில் பாதி பச்சையாக ஒளிர்வதற்குக் காரணமான ஜெல்லிமீன் மரபணுவை 1992இல் பிரித்துக் கொடுத்தவர் டக்ளஸ் பிராஷர். அந்தப் புரதத்துக்காக 2008இல் மற்ற மூவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் அலபாமாவில் ஒரு கார் விற்பனையகத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பரிசு பெற்ற இருவர் தம் செலவில் அவரை விழாவுக்கு அழைத்தார்கள்.

எங்கள் பழைய மாணவர் ஒருவர் இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் கற்பிக்கிறார். செய்முறை வகுப்புக்காக ஆண்டுதோறும் ஈ கேட்டு எழுதுவார். வெள்ளைக்கண், சுருள் இறக்கை, வகைக்கு மூன்று குப்பி. அக்கா பஞ்சை இறுக்கி அடைத்து, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, மேலே ‘உயிருள்ளவை’ என்று எழுதுவார். மே மாதத்தில் மட்டும் அனுப்புவதில்லை.